கயிறு வீட்டுக்கு, மாடு மேற்கே

ஞானமணி வளர்த்த மாடுகள் கொழுத்துப் போனதுதான் அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

1960ஆம் வருடம், மார்ச் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. மாட்டு டாக்டர் சிவசங்கரன் தோல்பையும் குடையுமாக நாகலாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து, மிஷன் காலனியின் கோடியிலிருந்த அவளுடைய பட்டிக்குள் நுழைந்தார். வரிசையாகக் கட்டியிருந்த ஐந்து எருதுகளையும் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இதெல்லாம் யாரோட மாடும்மா?"

"இன்னா டாக்டரய்யா இப்பிடிக் கேக்கறீங்க? கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம் நீங்களே பாத்து காயிதம் எழுதிக் குடுத்த மாடுங்கதான்."

"நான் எழுதிக் கொடுத்தது அஞ்சு எலும்புக்கூட்டுக்கு. வயசு பத்துக்கு மேல, வேலைக்கு ஆகாதுன்னு எழுதினேன். இதுங்களைப் பார்த்தா நாளைக்கே ஏர்ல பூட்டலாம் போலிருக்கே. கழுத்துல நான் கட்டின தகடு எங்கே?"

ஞானமணிக்கு அப்போதுதான் உறைத்தது. மாடுகளின் கழுத்தைப் பார்த்தாள். ஐந்து கழுத்திலும் அவள் கையால் திரித்த புதுக் கயிறு இருந்தது.

கொஞ்ச காலமாகவே மாட்டைக் கறிக்கு அனுப்புவது முன்போல் இல்லை. வயது பத்தைத் தாண்டிவிட்டது, ஏருக்கும் வண்டிக்கும் ஆகாது என்று டாக்டர் பார்த்துக் காகிதம் எழுதித் தர வேண்டும். பிறகு மாடு பட்டியை விட்டுக் கிளம்பும்போது மறுபடியும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தச் சட்டம் வந்ததும் சுற்றுவட்டாரத்தில் கறிமாடு தேற்றியவர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவிவிட்டு, ஆடு மேய்க்கவும் கல் உடைக்கவும் போய்விட்டார்கள். ஞானமணி மட்டும் விடவில்லை. காயிதம்தானே கேட்கிறான், கழுத்தையா கேட்கிறான் என்று சொல்லிவிட்டு, விற்கிற குடியானவர்களையே டாக்டரிடம் மாட்டை ஓட்டிவரச் செய்து காகிதம் வாங்கினாள். ஒடுங்கிய மாட்டுக்கு மூன்று மாதம் வேர்க்கடலைக் கொடியும் புண்ணாக்கும் ஊறவைத்த புளியங்கொட்டையும் போட்டால் அது என்னவாகும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் அது வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தகடு என்பது சட்டத்தில் இல்லாதது. அது டாக்டரின் சொந்த மூளை. ஒரே காகிதத்தைக் காட்டி மூன்று மாட்டை ஓட்டிப்போன ஆசாமி ஒருவனிடம் ஏமாந்த பிறகு, நம்பர் அடித்த தகரத் தகடுகள் செய்துவைத்துக்கொண்டார். காகிதம் எழுதியவுடன் மாட்டின் கழுத்துக்கயிற்றில் தகட்டைக் கம்பியால் முறுக்கிக் கட்டி, அரக்கு முத்திரையும் வைப்பார். "கயித்துலேர்ந்து இந்தத் தகட்டை யாரும் கழட்டக் கூடாது, ஜாக்கிரதை!" என்று ஒவ்வொரு குடியானவனிடமும் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

யாரும் கழற்றவில்லை. அவர் பேச்சைத் தட்டாமல் அப்படியே கேட்டிருந்தார்கள். கயிற்றோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

டாக்டர் வேலூர்ப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இது தெரிய நியாயமில்லை. அந்தப் பக்கத்தில் மாட்டை விற்கிறவன் மாட்டைத்தான் விற்பான், கயிற்றை விற்கமாட்டான். கயிறு போனால் கொட்டகையில் இருக்கும் மற்ற மாடுகளின் ராசியும் கூடவே போய்விடும். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். பழையதை அவிழ்த்து விற்றவர் கையில் கொடுக்க வேண்டும். ஞானமணியும் ஐந்து தடவை, ஐந்து வீட்டு வாசலில், தகட்டோடு சேர்த்துக் கயிற்றை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டியிருந்தாள். தகரம் எதற்கென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. நாய்க்குக் கட்டுகிற வில்லைபோல மாட்டுக்காரனுக்கு ஏதோ வரி என்று நினைத்துக்கொண்டாள்.

இதைச் சொன்னதும் டாக்டர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

"விளையாட்டு இல்லம்மா. வர்ற வெள்ளிக்கிழமை ஒண்ணாந் தேதியிலேர்ந்து இந்தக் கிராமமெல்லாம் ஆந்திராவுக்குப் போகுது. நான் வியாழக்கிழமை சாயந்திரம் சார்ஜ் ஒப்படைக்கறேன். வரப்போறவரு யாரு, என்ன சொல்வாருன்னு எனக்கே தெரியாது. இங்க என்னென்ன இருக்குன்னு நான் அவருக்கு எழுதி வெச்சுட்டுப் போகணும். 'அடையாளம் இல்லாத அஞ்சு கொழுத்த எருது'ன்னு எழுதினா, அவரு முதல்ல மூடறது உன் பட்டியைத்தான்."

"பல்லைப் பாருங்கய்யா. வயசு தெரியுதில்ல?"

"வயசு தெரியுது. வேலைக்கு ஆகாதுங்கறது எங்க தெரியுது? அது இந்த மாடுதான்னு எப்படி நம்பறது?"

"தகட்டை மட்டும் போய் வாங்கியாந்துட்டா?"

"தனித் தகட்டை எந்த மாட்டுல வேணா கட்டலாமே. முத்திரை கலையாத கயிறு வேணும். அதைக் கொண்டுவந்து, இது என் மாடுதான்னு சொல்ல மாட்டுக்காரன் வேணும். அஞ்சு பேரும் வரணும். வியாழக்கிழமைக்குள்ள."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புல் அறுத்துவந்த அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெபதாஸ், மெல்ல மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். சாதுவான மனிதன். மிஷன் கோயிலில் மணி அடிப்பதைத் தவிர ஊரில் அவனால் வேறு சத்தம் இல்லை.

"வுட்டுடலாம் மே. எந்தம்பி மெட்ராசுக்குக் கூப்டுகினே இருக்கான். செங்கல் தூக்கினாகூட..."

"நீ தூக்கு. நான் தூக்கமாட்டேன்" என்றாள் ஞானமணி. நாயுடுபேட்டை கறி வியாபாரி மஸ்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: வியாழக்கிழமை சாயங்காலம் லாரி வரும், காகிதம் சுத்தமாக இருந்தால் மாதா மாதம் உன் பட்டிக்கே வருவேன், இல்லாவிட்டால் நானும் ஆட்டுக்குப் போய்விடுகிறேன், இந்தச் சட்டத்தோடு யார் மல்லுக்கட்டுவது? பட்டியை மூடிவிட்டால், நாற்பத்தைந்து வயதில் அவளும் சித்தாள் வேலைக்குத்தான் போக வேண்டும். யாரிடமும் கைகட்டி நிற்காமல் பதினொரு வருடம் பிழைத்தவளுக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை.

ஆனால் கயிற்றைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருந்தது. அது அவளே கட்டிக் காத்த பொய்.

மாடு கைமாறும்போது விற்றவன் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பான்: "எங்க போவுது?" ஞானமணி மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே, "மேற்க, வண்டிக்கு" என்பாள். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் மனசு ஆறிவிடும். வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டே, கைநாட்டு வைத்த மை விரலில் காய்வதற்குள்ளேயே, மேற்கே வண்டிக்குப் போகிறது என்று கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். எல்லாருக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாது. இப்போது அந்த ஐந்து பேரும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கால் வைத்தே அறியாத காலனிக்குள் பட்டப்பகலில் நடந்துவந்து, கறிக்குப் போகிற மாடு என் மாடுதான் என்று சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் முதலில் போனது கோவர்த்தனனிடம். ஐந்து பேரில் பெரிய கை அவர்தான். அவர் வந்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று கணக்குப் போட்டாள். அவர் கிணற்றுமேட்டில் நின்று பாத்தி கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். அவள் வரப்புக்கு இந்தப் பக்கமே நின்று விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"என் செவல எருது மேற்க வெதுருகுப்பத்துல வண்டி இழுத்துக்கினு இருக்குது" என்றார் கோவர்த்தனன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நாயக்கரே, செவல என் பட்டியில நின்னு புண்ணாக்கு துன்னுகினு இருக்குது. உங்களுக்குத் தெரியாதா?"

"நீதானே சொன்னே, மேற்க வண்டிக்குன்னு?"

"சொன்னேன். நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்."

"அப்ப சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கயிறு எங்க மாட்டுக் கொட்டாயில தொங்குது. அது எறங்காது. நான் காலனிக்கு வந்து, என் மாட்டைக் கறிக்குக் குடுத்தேன்னு ஆபீசர் முன்னாடி சொல்லணுமா? போ, போ. வேலையப் பாரு."

ஞானமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறிக்குத்தான் போகிறது என்று தெரிந்து விற்கத் தெரிந்தவருக்கு, அதைச் சொல்ல மட்டும் நாக்கு கூசுகிறது! ஆனால் கோபத்தோடு கூட வெட்கமும் வந்தது. அந்தப் பொய்க்குப் பதினொரு வருடமாகத் தீனி போட்டவள் அவளும்தான். திரும்பி நடந்தாள்.

அடுத்து கிருஷ்ணம்மா. கணவன் போன பிறகு நான்கு ஏக்கரைத் தனியாகப் பயிரிடுகிறவள், வாய் நீளம். களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தவளிடம் ஞானமணி இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, நான் உங்க மயிலை எருதை வண்டிக்குன்னு சொல்லி ஓட்டிக்கினு போனேன். அது பொய். நாளன்னிக்கு அது கறிக்குப் போவுது. போறதுக்கு உங்க கயிறும் வேணும், நீங்களும் வேணும்."

கிருஷ்ணம்மா கடலையைத் தள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? பின்னங்கால் நொண்டுற எருதை எவன் வண்டியில பூட்டுவான்? இருக்கிற வைக்கோலு ரெண்டு மாட்டுக்குக் காணாது. கெழத்துக்குப் போட்டா எளசு பட்டினி, எளசுக்குப் போட்டா கெழம் பட்டினி. நீ ஓட்டிக்கினு போனதாலதான் நான் புது ஜோடி பூட்டினேன். உழவு நடந்துது, நாங்க துன்னோம்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கயிறை எடுத்துக்கினு வரேன். ஆனா மறுபடி நான் எடுத்துக்கினு வந்துடுவேன். குடுக்கமாட்டேன்."

"கயிறு எனக்கெதுக்கும்மா? கட்டிக் காட்டிட்டு அவுத்துக்கினு போங்க."

"மத்த மூணு பேரையும் நான் பேசிக்கறேன். கோவர்த்தனன் மட்டும் என் பேச்சுக்கு வரமாட்டான். அவன் எவன் பேச்சுக்கும் வரமாட்டான்."

வியாழக்கிழமை பிற்பகல், டாக்டர் மறுபடியும் வந்து தொட்டி விளிம்பில் பையை வைத்தபோது, காலனி முனையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். கிருஷ்ணம்மா முன்னால் நின்றாள். மற்ற மூன்று ஆண்களும் கயிற்றைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு, எங்கோ போகிற வழியில் தற்செயலாக நின்றவர்களைப்போலப் பாவனை செய்தார்கள். "வந்தது வந்துட்டீங்க, உள்ள வாங்களேன்யா! மாடு வந்து உங்களை அழைக்கணுமா?" என்று கிருஷ்ணம்மா போட்ட சத்தத்தில், கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜெபதாஸ்கூட வெளியே எட்டிப் பார்த்தான்.

ஒவ்வொருவராக வந்து தன் மாட்டின் கழுத்தில் தன் கயிற்றைக் கட்டினார்கள். டாக்டர் முத்திரையைப் பார்த்தார், நம்பரைப் படித்தார், "இது உன் மாடுதானா?" என்று கேட்டார். "எம்மாடுதான்" என்றார்கள். ஒருவன் அதைச் சொல்லும்போது மாட்டைப் பார்த்தான், ஒருவன் தரையைப் பார்த்தான். நான்கு கையெழுத்து விழுந்தது. நான்கு பேரும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டார்கள்; ஆண்கள் மூவரும் கிளம்பிவிட்டார்கள். கிருஷ்ணம்மா மட்டும் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

செவலை மட்டும் மீதி. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலுக்கு நான் பொறுப்பு. அஞ்சாவதை எழுதாம இருக்க முடியாதும்மா. அது கண்ணு முன்னால நிக்குது. அடையாளம் இல்லாத ஒரு மாடு இருந்தாலும் அவரு பட்டியை மூடத்தான் மூடுவாரு."

"இன்னும் செத்த நேரம் பாருங்கய்யா."

"அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல இருக்கணும்."

ஞானமணி செவலையின் பக்கத்தில் போய் நின்றாள். மற்ற நாலும் சேர்ந்தால்கூட அதன் மினுமினுப்புக்கு ஈடாகாது. அவள் கைவேலையிலேயே அதுதான் உச்சம். அதுவே தன் பட்டியை இழுத்து மூடப் போகிறது என்று நினைத்தபோது, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாய்விட்டு ஜெபம் செய்கிற வழக்கம் அவளுக்கில்லை. ஆனாலும், 'ஆண்டவரே, அந்த மனுசனுக்குக் கொஞ்சம் புத்தியக் குடு' என்று மனசுக்குள் அதட்டலாகவே வேண்டிக்கொண்டாள்.

மஸ்தானின் லாரி வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடித்தது. டாக்டர் பையை எடுத்துச் சைக்கிளில் மாட்டினார். அப்போதுதான் கோவர்த்தனன் வந்தார். குறுக்கு வழியாக வயலில் இறங்கி, முழங்கால் வரை புழுதியோடு, கயிற்றைத் தோளில் வெளிப்படையாகவே போட்டுக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை; "நாலு பேரும் வந்து சொல்லிட்டாங்களாமே" என்று மட்டும் முனகினார். நேராகப் பட்டிக்குள் வந்தவர் செவலையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என் செவலையா?"

"பின்ன யாருது?" என்றாள் கிருஷ்ணம்மா மரத்தடியிலிருந்தே.

கோவர்த்தனன் அதன் விலாவில் கையை வைத்தார். மார்கழியில் எண்ணக்கூடியதாக இருந்த எலும்பு ஒன்றும் இப்போது கைக்குத் தட்டுப்படவில்லை. அவர் முகம் சிறுத்துப்போனது.

"எங்கிட்ட இருந்தப்ப இப்பிடி இல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "இது இன்னும் ரெண்டு வருசம் உழும் போலிருக்குதே. நான் ஓட்டிக்கினு போயிடறேன்" என்றார்.

டாக்டர் பையோடு திரும்பினார். மாட்டுக்காரனே வேலைக்கு ஆகும் என்று சொல்லிவிட்டால் அவருடைய காகிதமும் போச்சு, ஞானமணியின் பட்டியும் போச்சு. ஆனால் ஞானமணி வாதாடவில்லை. முளையிலிருந்து மாட்டை அவிழ்த்து, கயிற்று நுனியை அவர் கையில் கொடுத்தாள்.

"ஓட்டிப் பாருங்க நாயக்கரே. அந்த மேடு வரைக்கும்."

அவர் ஓட்டினார். செவலை கம்பீரமாகத்தான் கிளம்பியது. சமதரையில் இருபது அடி போயிற்று. மேடு தொடங்கிய இடத்தில் இடது பின்னங்கால் இழுத்தது. இன்னும் இரண்டடி வைத்தது, இடுப்பு ஒரு பக்கம் சரிய, நின்று மூச்சு வாங்கியது. கோவர்த்தனன் அதட்டவில்லை, வாலைத் தொடவில்லை. எட்டு வருடம் அந்த இடுப்பை ஏருக்குப் பின்னாலிருந்து பார்த்தவர் அவர். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன் திமிலைத் தடவிக்கொடுத்து, மெல்லத் திருப்பி ஓட்டிவந்தார்.

"மூணு மாசம் இது வவுறு நெறயத் துன்னுதா?"

"காலையில கொடி, மத்தியானம் புண்ணாக்கு, பொழுது சாஞ்சா புளியங்கொட்ட. ஒரு வேள தவறல" என்றாள் ஞானமணி.

அவர் தலையசைத்தார். தோளிலிருந்த கயிற்றை எடுத்துத் தன் கையாலேயே கட்டினார். டாக்டர் குனிந்து முத்திரையைப் பார்த்து நம்பரைப் படித்தார்.

"இது உங்க மாடுதானா?"

"எம்மாடுதான். வேலைக்கு ஆவாது." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது கையெழுத்தும் விழுந்தது. டாக்டர் அங்கேயே தொட்டியின் மேல் காகிதத்தை வைத்து, வரப்போகும் அதிகாரிக்கான குறிப்பை எழுதி, ஞானமணிக்குப் படித்தும் காட்டினார். பட்டியிலிருந்து இன்று போனது ஐந்து மாடு, ஐந்துக்கும் காகிதம் சரி, நடத்துகிறவள் நாணயமானவள். அடியில் இன்னொரு வரியும் எழுதினார்: இந்தப் பக்கத்தில் தகட்டைக் கயிற்றில் கட்டக் கூடாது, கொம்பில் கட்டவும்.

"இதையும் தெலுங்குல எழுதிடுங்க சார், படிக்கணுமில்ல?" என்றாள் கிருஷ்ணம்மா. டாக்டர் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குத் தெலுங்கு எழுத வராது. கிருஷ்ணம்மாவுக்கும் எழுத வராது. ஜெபதாஸ்தான் புத்தூர் மிஷன் பள்ளியில் படித்ததை நினைவுபடுத்தி, ஒவ்வொரு எழுத்தாகக் கீழே எழுதிக் கொடுத்தான்.

லாரியில் நான்கு மாடும் ஏறிவிட்டன. கோவர்த்தனன் தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். ஞானமணி செவலைக்குத் தன் புதுக் கயிற்றைக் கட்டினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். இரண்டடி நடந்தவர் நின்று, திரும்பாமலே, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எங்க போவுது?"

ஞானமணியின் கை தன்னால் மாட்டின் முதுகில் தட்டியது. பதினொரு வருடப் பழக்கம், பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அங்கேயே நிறுத்தினாள்.

"நாயுடுபேட்டைக்கு நாயக்கரே. கறிக்கு."

மரத்தடியில் கிருஷ்ணம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டாள். கோவர்த்தனன் சற்று நேரம் கயிற்றைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரி. எங்கூட்டுக் கறுப்பனுக்கும் பல்லு தேய்ஞ்சிட்டுது. அறுப்பு முடிஞ்சதும் வந்து பாரு. எலும்பாகறதுக்கு முன்னாடியே வா."

"வரேன்" என்றாள் ஞானமணி.

அவர் போன பிறகு அவள் செவலையைத் தானே ஓட்டிப்போய் லாரியில் ஏற்றினாள். திரும்பி வந்து, காலியாகிவிட்ட பட்டியைக் கூட்டினாள், தொட்டியைக் கழுவினாள். பிறகு ஜெபதாசைக் கூப்பிட்டு, கயிறு திரிக்க நார் ஊறப்போடச் சொன்னாள்.

"எத்தனை கயித்துக்கு மே?"

"நெறயப் போடு" என்றாள் அவள்.